கயிறு யார் கையில்?

மதினி,

காலையில் இருந்து வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை. மாதா கோவிலில் கொடி ஏறுவதற்குள் சுவரெல்லாம் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒரு பெயின்டரைப் பிடித்து வந்திருந்தார். அவன் கண்ணாடியில் சாயம் படாமல் இருக்க ஜன்னல் ஓரங்களில் நாடா ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தான். மத்தியானம் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். நான் ஒவ்வொரு ஜன்னலாக விரலை ஓட்டிப் பார்த்தேன். குசினி ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு துண்டு அப்படியே கிடந்தது. சுவரின் நிறமே நாடாவுக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தில்தான் தட்டுப்பட்டது.

கூப்பிட்டுக் காட்டினேன். "ஒரு துண்டு நாடாதானக்கா. அது கெடந்தா வீடா பறந்துரப் போவுது?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாடாவை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அவனை விட்டிருக்க மாட்டீர்கள். "வீடு பறக்காதுல. பறக்கதுல நாடா ஒட்டுனவன் கதையச் சொல்லுதேன், உக்காரு" என்று பிடித்து வைத்திருப்பீர்கள். விமானத்தைக் கழுவும்போது அதன் விலாவில் இருக்கிற சின்னத் துளைகளுக்குள் தண்ணீர் போகாமல் நாடா ஒட்டியதையும், கழுவி முடித்தவர் உரிக்க மறந்ததையும், நாடாவும் விமானத்தின் தோலும் ஒரே வெள்ளி நிறமாக இருந்ததால் யார் கண்ணிலும் படாமல் போனதையும் சொல்லியிருப்பீர்கள். அந்தத் துளைகள் அடைபட்டால் எத்தனை உயரத்தில் பறக்கிறோம், எத்தனை வேகத்தில் போகிறோம் என்று காட்டும் கருவிகள் பொய் சொல்லும். இருட்டில், கடலுக்கு மேல், பொய்யை நம்புவதா விடுவதா என்று தெரியாமல் ஓட்டியவர்கள் தடுமாற, விமானத்தின் இறக்கை தண்ணீரில் இடித்துப் பிய்ந்ததைச் சொல்லும்போது உங்கள் கை காற்றில் சாய்ந்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் படாரென்று அடிக்கும். அந்தப் பெயின்டருக்கு மத்தியானச் சோறு இறங்கியிருக்காது.

நீங்கள் போன பிறகு இதையெல்லாம் பேச எனக்கு ஆள் இல்லை மதினி. முன்பெல்லாம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்ததும் மற்ற பெண்கள் தொடர் பார்க்கப் போவார்கள். நாம் போனில் விமானங்கள் விழுந்த கதைகளைப் பார்ப்போம். "ரெண்டு பேரும் விமானம் ஓட்டப் போறியளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். "இல்லண்ணே, விழுந்தத எண்ணிக்கிட்டு இருக்கோம்" என்பீர்கள். அதற்குப் பிறகு அவர் கேட்க மாட்டார்.

உங்கள் புருசன் என் அண்ணன். அவன் சங்கு குளிக்கிறவன். நம் கரையில் ஒரு வழக்கம் உண்டு: மாப்பிள்ளை கடலுக்குள் இறங்கினால் மேலே படகில் கயிற்றைப் பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான். அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறது, அவன் கண்ணயர மாட்டான் என்ற கணக்கு. கம்ப்ரசர் வந்து, வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு குளிக்கிற காலம் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. உங்கள் தம்பி இன்னாசிதான் அண்ணனுக்குக் கயிறு. கடலில் ஒருவன் செத்துக் கரைக்கு வந்தால், எப்படிச் செத்தான் என்று நம் ஆட்கள் கேட்பதில்லை. கயிறு யார் கையில் இருந்தது என்றுதான் கேட்பார்கள். கயிறு பிடித்தவன் விதவையின் முன்னால் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லை என்றால் அவன் ஊரில் இருக்க முடியாது. சிலர் உயிரோடேயே இருந்ததில்லை.

ஒரு நாள் அண்ணன் அடியில் இருக்கும்போது கம்ப்ரசரின் பெல்ட் அறுந்தது. இன்னாசி உள்ளங்கைத் தோல் உரியக் கயிற்றை இழுத்து அவனை மேலே போட்டான். அண்ணன் காதிலும் மூக்கிலும் ரத்தம். கண் வெள்ளை சிவப்பாகிப் புடைத்து வெளியே வந்துவிடும் போல் இருந்தது. உப்பும் ரத்தமுமாய் வாந்தி எடுத்தான். பிழைத்தான், ஆனால் ஒரு காது போய்விட்டது. அவன் எழுந்து உட்கார்ந்த அன்றைக்கே நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள்.

"கடல் போதும். கயிறு இல்லாத வேலைக்குப் போங்க" என்றீர்கள்.

அப்படித்தான் அவன் வளைகுடாவுக்குப் போனான். ஒரு கிடங்கில் காவல் வேலை. உட்கார்ந்த இடத்தில் சம்பளம், தலைக்கு மேலே தண்ணீர் இல்லை என்று போனில் சிரிப்பான். கேட்கிற காதில் போனை வைத்துக்கொள்ள மறந்து, "என்னது, என்னது" என்று கத்துவான்.

அவன் விடுப்பில் வருகிற அன்று நீங்கள் நண்டு வாங்கி வைத்திருந்தீர்கள். இன்னாசி அழைத்து வர வேன் பேசி, அது தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் நம் கரை முழுக்க அந்தக் காணொளி வந்துவிட்டது. அங்கே விமான நிலையத்து வேலிக்கு வெளியே நின்ற யாரோ எடுத்தது. விமானம் தரையை விட்டு எழுந்தது. மூக்கு மேலே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது, மிரண்ட குதிரை முன்னங்காலைத் தூக்குவது போல. ஒரு கணம் அப்படியே வானத்தில் நின்றது. பிறகு வால் பக்கமாகச் சரிந்து, பக்கவாட்டில் புரண்டு, மணலில் குத்தியது. தீ எழும்பியதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. எடுத்தவன் தன் மொழியில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

உங்களிடம் காட்டக் கூடாது என்று எல்லாரும் போனை மறைத்தோம். நீங்கள் என் கையை முறுக்கிப் பிடுங்கினீர்கள். பார்த்தீர்கள். மறுபடி பார்த்தீர்கள். நான் "ஆண்டவர் சித்தம் மதினி" என்று வாயெடுத்தேன். நீங்கள் எழுந்துபோய் சுவர் மாடத்தில் இருந்த மாதா சுரூபத்தை எடுத்துத் தரையில் அடித்தீர்கள். நண்டுச் சட்டியை எட்டி உதைத்தீர்கள். உயிரோடு இருந்த நண்டுகள் சுரூபத்தின் துண்டுகளுக்கு இடையில் ஓடின. "சித்தமா? இது எவன் சித்தம்? எந்தலையில அடிச்சிச் சொல்லு" என்று உங்கள் தலையிலேயே அடித்துக்கொண்டீர்கள்.

சவப்பெட்டி முத்திரை வைத்து வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். உள்ளே இருப்பது அண்ணன்தான் என்று யார் பார்த்தது என்று கேட்டீர்கள். அந்தப் பெட்டியின் மேல் நெற்றியை மோதினீர்கள். நாங்கள் இழுக்க இழுக்க மோதினீர்கள். மூடியில் உங்கள் ரத்தம் வழிந்து, துடைக்க லேஞ்சி எடுத்த சாமியாரின் கையைத் தட்டிவிட்டீர்கள். அந்த ரத்தத்தோடுதான் அண்ணனைப் புதைத்தோம்.

துக்க வீட்டுக்கு மீன் விற்கிற கித்தேரியம்மா வந்தார். அவர் மகன் கஸ்பார் அதே விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற ஆள். அழுகையோடு அழுகையாக அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றைக்கு அண்ணன் போன விமானத்துக்குச் சாமான் ஏற்றியது தன் மகன்தான், அண்ணனின் பெட்டியில் ஊர்ப்பெயரைப் பார்த்துத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏற்றினானாம், போனில் அழுகிறானாம். அந்த அம்மா ஆறுதல் சொல்ல வந்தார். கூட்டத்தில் இருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கயிறு பிடித்தவன் கிடைத்துவிட்டான்.

அன்றிலிருந்து கித்தேரியம்மா வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. அவர் கூடையில் ஒருவரும் மீன் எடுக்கவில்லை. கூடையைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். கஸ்பாரை அங்கே விசாரணைக்குப் பிடித்து வைத்திருந்ததால் அவன் உயிர் அப்போதைக்குத் தப்பியது. "வருவாம்லா" என்று இன்னாசி சொல்லிக்கொண்டிருந்தான். வேறு பேச்சே அவனிடம் இல்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. "ஏளா, நீ இங்கிலீசு படிப்பியே. அவரு எத்தன நேரம் உயிரோட இருந்துருப்பாரு? அத மட்டும் பாத்துச் சொல்லு."

பள்ளிக்கூடத்தில் நான் அத்தனை தூரம் படிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். பொட்டலக் காகிதமும் அகராதியுமாய்க் கற்றுக்கொண்ட இங்கிலீசு. அதை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். உங்கள் கேள்விக்குப் பதில் எங்கேயும் இல்லை. வேறு விமானங்கள் விழுந்த கதைகள் வந்தன. ஒன்றைப் பார்த்தோம். பிறகு நம்மால் நிறுத்த முடியவில்லை.

முதலில் பார்த்தது விளக்குக் கதை. இறங்கப் போகிற நேரத்தில் முன்சக்கரம் வெளியே வந்துவிட்டது என்று காட்டுகிற சின்ன விளக்கு எரியவில்லை. ஓட்டுகிற அறையில் இருந்த எல்லாரும் அந்த விளக்கைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் யார் கை பட்டோ தானாக ஓடுகிற ஏற்பாடு விட்டுப்போய், விமானம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் அடித்துச் சிதறியது. நாணலுக்குள் இருக்கையோடு பிணங்கள். உயிர் இருந்தவர்கள் எண்ணெயும் சேறும் குடித்துக்கொண்டு இருட்டில் கத்தினார்கள்.

"கயிறு யார் கையில இருந்துச்சி?" என்று கேட்டீர்கள்.

"ஒருத்தர் கையிலயும் இல்ல மதினி. எல்லாரும் பல்பப் பாத்துக்கிட்டு இருந்துருக்காவ."

"அப்ப எல்லாரையும் வெட்டணும்" என்றீர்கள். அவர்கள் ஏற்கெனவே செத்துவிட்டார்கள் என்றேன். அதற்கு நீங்கள் என்னை முறைத்தீர்கள்.

பிறகு இந்த நாடாக் கதை. அதில் உங்களுக்குத் திருப்தி. ஒட்டியவன் ஒருவன் இருந்தான், அவன் மேல் வழக்கும் போட்டார்கள். "பாத்தியா, இது கணக்கு" என்றீர்கள். எனக்கு அந்தக் கணக்கு இடித்தது. வீட்டு வரவு செலவில் கூட்டுத்தொகை இடித்தால் கடைசி வரியை அடித்துத் திருத்துவது என் வழக்கம் இல்லை. தப்பு மேலே எங்கேயோ இருக்கும். ஒட்டினவருக்கு மேலே, கழுவிய பிறகு பார்க்க வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். புறப்படும் முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். விமானத்தின் நிறத்திலேயே நாடா கொடுத்தவர் ஒருவர் இருந்தார். இதைச் சொன்னதற்கு நீங்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பனிமூட்டக் கதையில்தான் நீங்கள் மாறத் தொடங்கினீர்கள் என்று நினைக்கிறேன். தீவு ஒன்றில், ஒரே ஓடுதளத்தில் இரண்டு பெரிய விமானங்கள். ஒன்று இன்னும் ஓடுதளத்தை விட்டு விலகவில்லை. இன்னொன்றின் தலைவருக்கு அவசரம், வேலை நேரம் முடிந்துவிடும் என்று. உத்தரவு வருவதற்கு முன் ஓடத் தொடங்கினார். நில் என்று சொல்ல வேண்டிய பேச்சும், நாங்கள் இன்னும் இங்கே நிற்கிறோம் என்ற பேச்சும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றை ஒன்று அமுக்கின. ஒன்று இன்னொன்றின் முதுகைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்து எரிந்தது. அந்த விமானங்கள் அந்தத் தீவில் இறங்க வேண்டியவையே இல்லை. வேறு விமான நிலையத்தில் பூக்கடையில் யாரோ வைத்த குண்டு வெடித்ததால் இங்கே திருப்பி அனுப்பப்பட்டவை.

"பூக்கடையில குண்டு வச்சவன் கை அங்க இருந்துல்லா நீளுது" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

வால் பிய்ந்த கதையை நீங்கள் பாதியில் நிறுத்தச் சொன்னீர்கள். எப்போதோ தரையில் உரசிய வாலுக்குள் ஒட்டுப் போட்டவர்கள் இரண்டு வரிசை ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசை பிடிக்கும்படி அடித்துவிட்டார்கள். விமானம் வருடக்கணக்காகப் பறந்தது. ஒரு நாள் ஆகாயத்தில் அந்த ஒட்டு வெடித்து, வால் பிய்ந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் மலைகளுக்கு மேல் தள்ளாடியது. உள்ளே இருந்தவர்கள் கிடைத்த தாளில் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எழுதினார்கள். பிறகு மலையில் மோதினார்கள். "உங்க அண்ணனுக்கு எழுத நேரம் இருந்துருக்காது" என்றீர்கள். அதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே தேடிக்கொண்ட பதில். அன்றைக்குத்தான், சுரூபம் உடைந்த பிறகு முதல் தடவையாக, நான் செபமாலை சொல்லும்போது எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். வாய் திறக்கவில்லை.

நம் விமானத்தைப் பற்றிச் செய்தி வந்தது அதற்குப் பிறகு. சுமை வேண்டிய இடத்தில் இல்லை, பாரமெல்லாம் பின்பக்கம் போய்விட்டது என்று எழுதியிருந்தது. நான் வார்த்தை வார்த்தையாகச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அகப்பையை விரல்மேல் நிறுத்தி, கைப்பிடிப் பக்கம் இன்னொரு விரலால் அழுத்தினீர்கள். தலை எழும்பி, அகப்பை விழுந்தது. படகுக்கார வீட்டுப் பெண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அமரத்தில் பாரம் கூடினால் அணியம் தூக்கும். பின்பக்கம் கனத்த வள்ளம் அலையில் மூக்கைத் தூக்கிக் கவிழும்.

அது நம் கரைக்குப் புரிந்ததுதான் வினையாகப் போயிற்று. புரியாத கருவி ஏதாவது பழுதாகியிருந்தால் ஆட்கள் ஆறியிருப்பார்கள். பாரத்தை எங்கே வைப்பது என்று படகுக்காரன் மகனுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். தெரிந்தே வைத்தான் என்று அடுத்த வாரம் ஆயிற்று. விமானத்தை வள்ளமாகவும், கஸ்பாரைக் கயிறு பிடித்தவனாகவும் பார்க்க நம் கரையை விட்டால் வேறு யாரால் முடியும்?

விசாரணை முடிந்து அவனை அங்கே விடுவித்துவிட்டார்கள். ஊருக்கு வராமல் வேறு எங்காவது போயிருக்கலாம். தாய் தனியாகக் கல்லடி படுகிறாள் என்று வந்தான்.

வந்த அன்று சாயங்காலமே இன்னாசியும் ஆட்களும் கதவை உடைத்து அவனை முடியைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்து வந்தார்கள். கித்தேரியம்மா பின்னாலேயே முழங்காலில் தவழ்ந்து வந்தார். யாரோ அவரைக் காலால் தள்ளினார்கள். கஸ்பார் முகம் கிழிந்து ஒரு கண் மூடியிருந்தது. அண்ணன் குளித்த பழைய கயிற்றை இன்னாசி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தான். அதை அவன் காலில் கட்டி, மறுமுனையில், குளிப்பவனை அடிக்கு இழுத்துப்போகும் குளிகல்லைக் கட்டினான். வள்ளம் தண்ணீரில் தயாராக நின்றது. "எந்தக் கையால ஏத்துனல?" என்று கேட்டு, அவன் வலது கையை மரக்கட்டையில் வைத்துக் கல்லால் குத்தினான். எலும்பு நொறுங்கிய சத்தம் அலைச் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. கஸ்பார் அலறிய அலறலில் காக்கைகள் எழும்பின.

அவனை வள்ளத்தில் ஏற்றுவதற்கு முன் உங்கள் வார்த்தைக்காக நின்றார்கள். வழக்கம் அது. கேட்க வேண்டியவள் விதவை. நீங்கள் மீன் அறுக்கிற கத்தியோடுதான் வந்திருந்தீர்கள். நான் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். உதறிவிட்டு அவன் முன்னால் குந்தினீர்கள்.

"பாரத்த அமரத்துல ஏன் வச்ச?"

"தாள்ல அப்படித்தான் இருந்துச்சிக்கா. தாளப் பாத்துத்தான் ஏத்தணும்."

"தாளு யாரு எழுதுனா?"

எழுதுகிற ஆள் வேறு, தான் முகம்கூடப் பார்த்ததில்லை என்றான். முதலில் புறப்பட இருந்தது வேறு விமானம், அது பழுதாகிக் கடைசி நேரத்தில் இதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், தாள் பழைய விமானத்துக்கு எழுதியதாக இருக்க வேண்டும் என்று பிறகு பேசிக்கொண்டார்கள் என்றான். ரத்தமும் எச்சிலுமாய் ஒவ்வொரு சொல்லாக வந்தது. தாளில் கையெழுத்துப் போட்டது யார், கேட்டீர்கள். மேற்பார்வைக்காரர். அவர் பார்த்தாரா? பார்க்கவில்லை, பேனாவை மட்டும் நீட்டினார். ஓட்டுகிறவரிடம் யார் சொன்னது? அவரிடமும் அதே தாள்தான் போயிற்று. நாம் அத்தனை மத்தியானங்களில் கேட்ட கேள்விகள் எல்லாம் அவை. சுற்றி நின்ற ஆண்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவன், "என்ன கத கேக்கா, கத்தியக் குடு" என்றான்.

"ஒனக்குத் தோணலையால? படகுக்காரன் மவன்தான நீ?"

கஸ்பார் தலையைத் தூக்கினான். "தோணுச்சிக்கா. பின்னால கனக்குதேன்னு கேட்டேன். மேல உள்ளவன் ஒன் வேலையப் பாருன்னான்."

"கேட்டுட்டு?"

அவன் வாய் கோணிக்கொண்டு போயிற்று. "ஏத்திட்டேன்."

நீங்கள் அவனை அறைந்தீர்கள். அறைந்த வேகத்தில் அவன் மணலில் சாய்ந்தான். "கேட்டதுக்குப் பொறவும் ஏத்துனல்லா. அதுக்கு இது" என்றீர்கள். பிறகு கத்தியால் அவன் காலில் கட்டியிருந்த கயிற்றை அறுத்தீர்கள்.

இன்னாசி உங்களை அடித்தான். கூடப்பிறந்த அக்காளை, ஊர் பார்க்க, கன்னத்தில். உதடு கிழிந்தது. நீங்கள் ஓரடி நகரவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னீர்கள்:

"அடி. அடிச்சி முடிச்சிட்டு இதுக்குப் பதில் சொல்லு. அன்னைக்கு பெல்ட் அறுந்தப்ப கயிறு ஒன் கையில இருந்துச்சி. அவரு செத்துருந்தா நான் ஒன்னைய வெட்டிருக்கணுமா? பழைய பெல்ட்ட மாட்டுனவன யாரு வெட்டிருப்பா? மாத்தித் தாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் கேட்டியளா, கேட்டுட்டும் எறங்குனியளா?"

இன்னாசியின் கை மறுபடி உயர்ந்தது. உயர்ந்த கையில் கயிறு உரித்த பழைய தழும்பு எனக்குத் தெரிந்தது. அவனும் அதைப் பார்த்திருப்பான். கையைக் கீழே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் நடந்துபோனான். மார்பளவு ஆழத்தில் நின்று கடலை இரண்டு கையாலும் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கித்தேரியம்மா மகனின் நொறுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களைக் கும்பிட்டார். நீங்கள் அவரைப் பார்க்காமல் திரும்பி நடந்தீர்கள்.

நான் வீட்டுக்கு வந்து உங்கள் உதட்டைக் கழுவினேன். நீங்கள் மன்னித்தது ஆண்டவருக்குப் பிரியமான காரியம் என்று ஏதோ சொன்னேன். என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"மன்னிச்சேன்னு நான் எப்ப சொன்னேன்? கொல்ல வேண்டாம்னு சொன்னேன். ரெண்டும் வேற."

முழு அறிக்கை வெளிவந்தபோது அதை வாசித்துச் சொல்ல எனக்குப் பல மத்தியானங்கள் ஆயின. கஸ்பார் சொன்னதுதான் இருந்தது, இன்னும் கூடுதலாகவும் இருந்தது. தாள் எழுதியவர் ஒரே நேரத்தில் பல விமானங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். விமானம் மாறிய செய்தி அவர் மேசைக்கு வந்ததா என்பதே தெளிவாகவில்லை. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "இத்தன கை. ஒருத்தன் கயித்த இழுத்துப் பாத்துருந்தாலும் போதுமே" என்றீர்கள். அதோடு நாம் விமானக் கதைகள் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். கஸ்பாரோடு நீங்கள் அதற்குப் பிறகும் பேசியதில்லை. கித்தேரியம்மா கூடையில் மட்டும் மீன் எடுக்கத் தொடங்கினீர்கள். பேரம் பேசி, திட்டி, குறை சொல்லித்தான் எடுப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் தெருவில் மற்றவர்களும் எடுத்தார்கள்.

பிறகு சர்க்கரை உங்கள் சிறுநீரகத்தைத் தின்றது. ஊசியும் குழாயுமாய்க் கிடந்தபோதும் மருத்துவமனையில் யார் என்ன மாற்றினாலும், "அந்தத் தாள்ல என்ன எழுதிருக்கு, ஏளா, வாசி" என்று என்னை விரட்டினீர்கள். ஒரு தடவை வேறு நோயாளியின் மருந்து உங்களுக்கு வந்தது, வாசித்துத் தடுத்தேன். நர்ஸ் பிள்ளை அழுதுவிட்டாள். நீங்கள் அவளைத் திட்டவில்லை. அவளுக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள்.

அடக்கத்துக்கு எல்லாரும் வந்தார்கள். அண்ணனின் கல்லறையிலேயே உங்களுக்கும் குழி. சாமியார் மந்திரித்து முடித்ததும் பெட்டியை இறக்கக் கயிறுகளைப் பிடித்தார்கள். தலைமாட்டில் இன்னாசி. அவனுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்க உங்கள் சித்தப்பா மகன் வந்து நின்றான். இன்னாசி அவனை விலகச் சொல்லிவிட்டு, கூட்டத்தின் கடைசியில் சுவரோரம் நின்றவனைப் பார்த்தான்.

"கஸ்பார். வால."

கஸ்பார் வந்தான். அவன் வலது கை விரல்கள் மடங்காது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இடது கையால் பிடித்தான். பெட்டி இறங்கத் தொடங்கியது. பாதி ஆழத்தில் கால்மாட்டுப் பக்கம் சரிந்தது. உள்ளே நீங்கள் ஒரு பக்கமாகச் சரிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அமரம் தாழுதுல" என்றான் இன்னாசி.

"பாத்துட்டேன்ணே. நிப்பாட்டுங்க எல்லாரும்" என்றான் கஸ்பார்.

எல்லாரும் நிறுத்தினார்கள். கால்மாட்டில் நின்றவர்கள் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார்கள். கஸ்பார் மணிக்கட்டில் ஒரு சுற்றை அவிழ்த்துக் கயிறு விட்டான். பெட்டி மட்டமாயிற்று. அப்படியே, ஆடாமல், அண்ணனின் மேல் போய் உட்கார்ந்தது. கயிற்றை உருவி எடுத்தபோது அவன் மணிக்கட்டுத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. இன்னாசி தன் லேஞ்சியை எடுத்து அவனிடம் கொடுத்தான்.

பெயின்டர் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறான். நான் கேட்காமலேயே ஜன்னல் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கிறான், என்னைக் கிண்டல் செய்வதற்காக. செய்துவிட்டுப் போகட்டும். விரல் ஓடினால் போதும்.

சாயங்காலம் செபமாலை சொல்லும்போது அண்ணனுக்காக ஒரு கருத்து வைத்து வேண்டுவேன். அடுத்தது உங்களுக்கு. அதற்கு அடுத்தது யாருக்கென்று கேட்பீர்கள். அந்தத் தாளை எழுதிய ஆளுக்கு. பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூட அறிக்கையில் இல்லை. நான் அந்த ஆளை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன் மதினி. இன்றைக்கும் எங்கேயோ மேசை முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கலாம். எழுதி முடித்ததும் ஒரு தடவை கயிற்றை இழுத்துப் பார்க்கட்டும் என்றுதான் மாதாவைக் கேட்கிறேன்.